வளர்க்க முடியாத நுண்ணுயிரின் மரபணுத்தொகுதியை எப்படி நம்புவது? நெல்வயல் மண்ணை முன்வைத்து ஒரு கேள்வி

வடவாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக எங்கள் வயலிலேயே, குறுவை நட்டு நாற்பதாம் நாள், தண்ணீர் நின்ற நிலையில் பயிரின் வேரடி மண்ணை எடுத்து வந்தேன். அதைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, அகார் தட்டுகளில் பரப்பி, ஏழு நாள் காத்திருந்து எண்ணியபோது கிராமுக்கு ஏறத்தாழ 20 லட்சம் என்று கணக்கு வந்தது. அதே மண்ணுக்கு அக்ரிடின் ஆரஞ்சுச் சாயமேற்றி ஒளிர் நுண்ணோக்கியில் எண்ணினால் கிராமுக்கு 100 கோடி செல்கள் தெரிகின்றன. மூன்று முறை திரும்பச் செய்து பார்த்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியும் ஐந்நூறில் ஒன்றுதான் என் தட்டில் முளைக்கிறது.

என் வழிகாட்டி, வளர்ப்பு முயற்சியை இத்துடன் நிறுத்திவிட்டு, மண்ணிலிருந்து நேரடியாக டி.என்.ஏ.வைப் பிரித்து வரிசைப்படுத்த, அதாவது அதன் எழுத்து வரிசையைப் படிக்க, அனுப்பிவிடலாம் என்கிறார். அப்படிச் செய்தால் இதுவரை எவரும் வளர்க்காத பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகளே (ஓர் உயிரியின் டி.என்.ஏ. முழுவதும்) முழுமையாகக் கிடைக்கக்கூடும் என்றும் சொல்கிறார். எனக்கு இதில்தான் மனம் ஒப்பவில்லை. ஆயிரக்கணக்கான வகைகள் கலந்துகிடக்கும் மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் படித்து, கணினி அவற்றை ஒட்டவைத்து, "இது இன்ன உயிரியின் மரபணுத்தொகுதி" என்று தருவதை எப்படி ஏற்பது? அந்த உயிரியைத் தனியாகப் பார்த்தவர் எவரும் இல்லையே. வீட்டில் இதைச் சொன்னபோது என் அப்பா, "மாட்டைப் பார்க்காமலே சுழி சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்படியே நம்பத்தக்கதாக இருந்தாலும், வளர்க்கவே முடியாத ஓர் உயிரியின் மரபணுத்தொகுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுவடிக்கட்டு எழுதியது:

உங்கள் தந்தையார் கேட்டது சரியான கேள்வி. இத்துறையில் உள்ளவர்கள் இருபது ஆண்டுகளாக அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் இந்த ஒட்டவைக்கும் வேலையையே தொழிலாகச் செய்பவன் என்பதால், அது எப்படி நடக்கிறது, எங்கே தவறும் என்பதைச் சொல்கிறேன்.

கறையான் அரித்து, கயிறு அறுந்து, நூறு சுவடிகளின் ஏடுகள் ஒரே குவியலாகக் கலந்துபோன பழைய மடத்து அறை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவடிக்கும் பல படிகள் உண்டு. ஆனால் எல்லாமே ஒடிந்த துண்டுகள். முதலில், ஒரு துண்டின் கடைசிச் சொற்களும் மற்றொன்றின் முதற்சொற்களும் ஒன்றாக இருக்கும் இடங்களைப் பார்த்துப் பொருத்திக்கொண்டே போகிறோம். டி.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு வேதிப்பொருள்கள்; 150 எழுத்து நீளமுள்ள துண்டுகள் இவ்வாறு சேர்ந்து சில ஆயிரம் எழுத்து நீளமுள்ள தொடர்களாகின்றன. இவற்றைக் கான்டிக் என்கிறோம். ஒரு பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி பல லட்சம் எழுத்துகள் கொண்டது என்பதால், இந்த நிலையில் எந்தத் தொடர் எந்த உயிரிக்கு உரியது என்று இன்னும் தெரியாது.

அடுத்தது பிரித்து அடுக்கும் வேலை. இதற்கு இரண்டு அடையாளங்கள் உதவுகின்றன. ஒன்று கையெழுத்து. நான்கு எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. சொற்கள் மொத்தம் 256. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் எதிரிழையில் வரும் வடிவங்களை ஒன்றாகக் கொண்டால் 136. ஓர் உயிரி இவற்றில் எவற்றை அதிகம் பயன்படுத்துகிறது என்பது அதன் மரபணுத்தொகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். மற்றொன்று படிகளின் எண்ணிக்கை. மண்ணில் மிகுந்திருக்கும் உயிரியின் துண்டுகள் அதிகமாகவும், அரிதானதன் துண்டுகள் குறைவாகவும் கிடைக்கும். நட்ட பத்தாம் நாள், நாற்பதாம் நாள், அறுவடைக்கு முந்தைய வாரம் என்று பல மாதிரிகள் எடுத்தால், ஒரே உயிரிக்குச் சொந்தமான தொடர்கள் எல்லாம் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். இந்த இரண்டாவது அடையாளம்தான் என் அனுபவத்தில் வலுவானது. ஆகவே ஒரே ஒரு மாதிரியை அனுப்பிவிட்டு மரபணுத்தொகுதிகளை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி, தவறும் இடங்கள். எல்லாச் சுவடிகளும் ஒரே கடவுள் வாழ்த்தோடு தொடங்கினால், அந்த முதல் ஏடு எந்தச் சுவடிக்கு உரியது என்று எப்படிச் சொல்வது? செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கு உரிய ஆர்.என்.ஏ. மரபணுக்கள் அப்படிப்பட்டவை. உயிரிக்கு உயிரி மிகவும் ஒத்திருப்பதால் குறுந்துண்டுகளைக் கொண்டு ஒட்டும்போது அவை பெரும்பாலும் எந்தச் சுவடியின் கட்டோடும் சேராமல் தனியே நின்றுவிடும். வேறு உயிரியிடமிருந்து அண்மையில் வந்து சேர்ந்த மரபணுக்கள் இடைச்செருகல் போன்றவை. கையெழுத்து மாறுபடுவதால் வேறு கட்டுக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விடக் கடினமானது பாடபேதம், அதாவது ஒரே நூலின் படிகளுக்கிடையே உள்ள சொல் வேறுபாடு. ஒரே இனத்தின் நெருங்கிய பல குலங்கள் மண்ணில் சேர்ந்து வாழும்போது நமக்குக் கிடைப்பது அவை அனைத்தையும் ஒப்புநோக்கி எடுத்த ஒரு பொதுப்பாடம். அப்படியே அந்தப் பொதுப்பாடத்தைக் கொண்ட ஒரு தனிச் செல் மண்ணில் எங்கும் இல்லாமல் இருக்கலாம். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சரிபார்க்க வழி உண்டு. எந்தப் பாக்டீரியாவானாலும் ஒரே ஒரு படி மட்டும் வைத்திருக்கும் மரபணுக்கள் சில உள்ளன. அவற்றில் எத்தனை கிடைத்தன என்பது நிறைவைக் காட்டும். எத்தனை இரட்டையாக வந்தன என்பது கலப்பைக் காட்டும். 2017-இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி உயர்தரம் என்றால் 90 சதவீதத்துக்கு மேல் நிறைவு, 5 சதவீதத்துக்குக் கீழ் கலப்பு, மூன்று ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள், குறைந்தது 18 டி.ஆர்.என்.ஏ.க்கள் (ரைபோசோமுக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் சிறு ஆர்.என்.ஏ.க்கள்). இந்தக் கணக்கும் சில சமயம் ஏமாற்றும். அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்ற ஊரின் நிலத்தடி நீரிலிருந்து, ஜில் பான்ஃபீல்டின் குழுவினர் 2015-இல் 8 முழுமையான மரபணுத்தொகுதிகளையும் 789 வரைவுகளையும் வெளியிட்டார்கள். அந்தப் பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதிகள் மிகச் சிறியவை. எல்லாப் பாக்டீரியாவுக்கும் பொது என்று நாம் நினைத்திருந்த சில ரைபோசோம் புரதங்கள்கூட அவற்றில் இல்லை. வட்டமாக மூடிய முழு மரபணுத்தொகுதியே கையில் இருந்ததால்தான், இல்லாமை உண்மையா, விட்டுப்போனதா என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இன்னொரு சான்றும் உங்கள் தந்தையாருக்கு நிறைவு தரக்கூடும். ஒரே ஒரு செல்லைப் பிரித்தெடுத்து, அதன் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் படிக்கும் முறை தனியாக இருக்கிறது. 2013-இல் ஒன்பது இடங்களிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு இவ்வாறு 201 மரபணுத்தொகுதிகளை வெளியிட்டார்கள். பெருக்கம் சீராக நடக்காததால் பெரும்பாலும் அரைகுறையாகவே கிடைக்கும்; ஆனால் "இது யாருடையது" என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கலவையிலிருந்து ஒட்டியெடுத்ததும் தனிச் செல்லிலிருந்து படித்ததும் ஒன்றோடொன்று பொருந்தும்போது, மாட்டைக் கண்டுவிட்டோம் என்றே நான் கொள்வேன்.

களிமண் எழுதியது:

அம்மா, நான் காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிரிகளோடு முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் நெல்வயல் மண்ணை எடுத்திருப்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்த மண்ணிலேயே விடை இருக்கிறது. முதலில் ஒன்று: நீர் நின்ற வயலின் வேரடி மண்ணைத் திறந்த தட்டில் பரப்பினால், அங்கு வாழ்பவற்றில் பெரும்பகுதியைக் காற்றுப்படவிட்டுக் கொன்றுவிடுகிறோம். உங்கள் 20 லட்சம், காற்றைத் தாங்கியவற்றின் எண்ணிக்கை மட்டுமே.

1990-களில் நெல்லின் வேர்களிலிருந்து நேரடியாக ரைபோசோம் மரபணுக்களைப் படித்தவர்கள், அதுவரை வளர்க்கப்பட்ட எதனோடும் சேராத ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போல் தோன்றினாலும் வேறு பிரிவைச் சேர்ந்த ஒற்றைச் செல் நுண்ணுயிர்) வரிசைகளைக் கண்டார்கள். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது மட்டும் தெரிந்தது; பெயர் வைக்க உயிரி இல்லாததால் "ரைஸ் கிளஸ்டர் 1" என்று குறித்துக்கொண்டார்கள். பின்னர் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் யாஹாய் லூவும் ரால்ஃப் கான்ராடும், வழக்கமானதைவிடச் சற்றே எடை கூடிய கார்பனைக் கொண்ட கார்பன் டை ஆக்ஸைடை நெற்பயிருக்கு ஊட்டி, பயிர் உறிஞ்சிய அந்தக் கார்பன் வேர் வழியே இறங்கி மண்ணில் யாருடைய உடலில் சேர்கிறது என்று பார்த்தார்கள். 2005-இல் வந்த அந்த ஆய்வு, வேரடியில் மீத்தேன் உண்டாக்குவதில் முன்னிற்பது பெயரில்லாத இந்தக் கூட்டம்தான் என்று காட்டியது. நெல்வயல்கள் வளிமண்டலத்துக்கு விடும் மீத்தேனுக்கு முக்கியப் பொறுப்பாளியை யாருமே வளர்த்ததில்லை என்பதுதான் அன்றைய நிலை.

மறு ஆண்டு, 2006-இல், மார்பர்க் குழுவினர் அதன் மரபணுத்தொகுதியையே வெளியிட்டார்கள். சுமார் 32 லட்சம் எழுத்துகள். அப்போதும் அது தனியாகப் பிரிக்கப்படவில்லை. இத்தாலியின் வெர்செல்லி வயல் மண்ணை 50 டிகிரி வெப்பத்தில் வைத்து, அந்த ஆர்க்கியா மிகுந்து மற்றவை குறைந்த ஒரு கலப்பு வளர்ப்பை உருவாக்கி, அதிலிருந்துதான் மரபணுத்தொகுதியை ஒட்டியெடுத்தார்கள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் மண்ணை நேரே கருவிக்குக் கொடுக்கவில்லை. முதலில் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

அந்த மரபணுத்தொகுதி சொன்ன செய்தி எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவுக்கு ஆக்ஸிஜன் நஞ்சு. நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே ஆக்ஸிஜன் வேரடிக்குக் கசிந்துகொண்டே இருக்கும். வயலும் அவ்வப்போது காயும். அப்படியிருக்க, இந்தக் கூட்டம் வேரை ஒட்டியே எப்படி வாழ்கிறது? ஆக்ஸிஜனால் உண்டாகும் நச்சுப் பொருள்களை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள், வேறு எந்த மீத்தேன் ஆர்க்கியாவிலும் அன்று கண்டிராத தொகுப்பாக அதில் இருந்தன. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்ஸைடையும் கொண்டே அது பிழைக்கிறது என்பதும் எழுதப்பட்டிருந்தது. செல்லைத் தனியே காணாமல், அதன் வாழ்க்கையைப் பற்றிச் சோதித்துப் பார்க்கத்தக்க இரண்டு கூற்றுகள் கிடைத்துவிட்டன.

இனிதான் வளர்ப்பு. ஹைட்ரஜனைத்தான் உண்ணும் என்றால், எல்லாரும் செய்வதுபோல் குப்பியில் ஹைட்ரஜனை நிரப்பிவிடலாமே? அப்படிச் செய்தபோதெல்லாம் வேகமாகப் பெருகும் வேறு மீத்தேன் ஆர்க்கியாக்கள் முந்திக்கொண்டன. ஜப்பானில் சாகாய், இமாச்சி முதலியோர் குப்பிக்கு ஹைட்ரஜனே கொடுக்கவில்லை. புரோப்பியோனேட் என்ற கரிம அமில உப்பைக் கொடுத்து, அதைச் சிதைத்துச் சிறுகச் சிறுக ஹைட்ரஜனை வெளிவிடும் ஒரு பாக்டீரியாவை உடன் வைத்தார்கள். வயலில் ஹைட்ரஜன் கிடைப்பதும் அப்படித்தான், எப்போதும் துளித்துளியாக. பட்டினி தாங்கக்கூடியது மேலெழுந்தது. 2008-இல் அதற்கு மெத்தனோசெல்லா பாலுடிகோலா என்று பெயர் வைத்தார்கள். 2006-இல் மரபணுத்தொகுதி படிக்கப்பட்ட அந்த இத்தாலிய உயிரியும் சில ஆண்டுகளில் தனியே பிரிக்கப்பட்டு மெத்தனோசெல்லா ஆர்வோரைசே ஆயிற்று.

ஆகவே மரபணுத்தொகுதியும் வளர்ப்பும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று எண்ண வேண்டாம். உங்கள் வழிகாட்டி வரிசைப்படுத்தச் சொல்வது சரி. வளர்ப்பை நிறுத்தச் சொல்வதை மட்டும் அவரோடு இன்னொரு முறை பேசிப் பாருங்கள்.

வெற்றுக்குழாய் எழுதியது:

மேலே உள்ள இருவரும் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். நான் எச்சரிக்கைக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

"99 சதவீத நுண்ணுயிரிகளை வளர்க்க முடியாது" என்று உங்கள் ஆய்வேட்டின் முதல் வரியில் எழுதிவிடாதீர்கள். எல்லாரும் எழுதுகிறார்கள், அதனாலேயே தவிர்க்கச் சொல்கிறேன். நுண்ணுயிரியலாளர்களான ஸ்டேலியும் கோனோப்காவும் 1985-இல் சுட்டிக்காட்டியது, நுண்ணோக்கி எண்ணிக்கைக்கும் தட்டு எண்ணிக்கைக்கும் இடையே உள்ள பெரும் வேறுபாட்டை. அதாவது நீங்கள் கண்ட அதே வேறுபாட்டை. ஒரு குறிப்பிட்ட ஊடகத்தில் (வளர்ப்புக்கான சத்துக் கலவையில்), குறிப்பிட்ட நாள்களுக்குள் எத்தனை செல்கள் கண்ணுக்குத் தெரியும் காலனியாகின்றன என்பது ஒரு கணக்கு. எத்தனை இனங்கள் இதுவரை எவராலும் வளர்க்கப்படவில்லை என்பது முற்றிலும் வேறு கணக்கு. "வளர்க்க முடியாதது" என்பதற்கும் "இன்னும் வளர்க்கப்படாதது" என்பதற்கும் நம் மொழியில் தெளிவான வேறுபாடு இருக்கும்போது அதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. சர்காசோ கடலில் 1990-இல் வெறும் மரபணு வரிசையாகக் கண்ட எஸ்.ஏ.ஆர். 11 என்ற பாக்டீரியாக் கூட்டத்தை 2002-இல் வளர்த்துவிட்டார்கள். சத்து மிகுந்த ஊடகத்தைக் கைவிட்டு, நுண்ணுயிர் நீக்கிய கடல்நீரிலேயே மிகவும் நீர்த்து வைத்ததுதான் வழியாயிற்று.

அடுத்தது, மண்ணில் கிடைக்கும் டி.என்.ஏ. எல்லாம் உயிருள்ளவற்றின் டி.என்.ஏ. அல்ல. செத்த செல்களின் டி.என்.ஏ. களித்துகள்களில் ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் கிடக்கும். பல வகை மண்களை ஆராய்ந்து 2016-இல் வந்த ஆய்வு ஒன்றில், பாக்டீரியா, ஆர்க்கியா டி.என்.ஏ.வில் சராசரியாக 40 சதவீதம் இப்படிப்பட்ட எச்சம் என்று கண்டார்கள். நன்கு ஒட்டிய, உயர்தர மரபணுத்தொகுதி கிடைத்தாலும், அந்த உயிரி இன்று உங்கள் வயலில் வேலை செய்கிறது என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆழ்துளைக் கிணற்று நீரை வடிகட்டி டி.என்.ஏ. பிரித்தோம், கிடைத்தது மிகச் சொற்பம். வரிசைப்படுத்தியதில் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா நிறையத் தெரிந்ததும் மகிழ்ந்து, நிலத்தடி நீரில் அதன் பங்கு பற்றிப் பத்து பக்கம் எழுதிவிட்டேன். அதன் பிறகு ஒரு தோழி, நீரே சேர்க்காத வெற்றுக்குழாயை அதே பிரித்தெடுப்புக் கிட்டைக் (தயார்நிலை வேதிப்பொருள் தொகுப்பைக்) கொண்டு அதே முறையில் செய்து பார்க்கச் சொன்னார். அதிலும் அதே ரால்ஸ்டோனியா. அது கிணற்றிலிருந்து வரவில்லை, கிட்டிலிருந்தே வந்திருக்கிறது. பத்து பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். பிரித்தெடுப்புக் கிட்களிலேயே இத்தகைய டி.என்.ஏ. இருப்பது 2014-இல் விரிவாக எழுதப்பட்டிருந்தும், நான் அதைப் படிக்காமல் இருந்தது என் தவறு. வயல் மண்ணில் டி.என்.ஏ. ஏராளம் என்பதால் இது உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் களிமண் ஐயா சொன்னபடி கூட்டத்தைக் குறைக்க, நீர்த்து நீர்த்து வளர்க்கும் வேலையில் இறங்கினால், பல நிலைகளுக்குப் பிறகு டி.என்.ஏ. மிகக் குறைந்துவிடும். அப்போது பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா தெரிந்தால், அது வயல் மண்ணில் இயல்பாக இருப்பதா, கிட்டில் வந்ததா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. கிட்களில் வரும் டி.என்.ஏ. பற்றிய அந்த 2014 பட்டியலில் அதன் பெயரும் உண்டு. ஒவ்வொரு முறை அனுப்பும் மாதிரிகளோடும் ஒரு வெற்றுக்குழாயையும் சேர்த்து அனுப்புங்கள். பணம் வீண் என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வடவாற்றங்கரை எழுதியது:

ஐயா, அக்கா, அனைவருக்கும் நன்றி. சுவடிக்கட்டு ஐயாவின் விளக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாடபேதம் என்ற இடத்தில் நிறுத்தி இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. மெத்தனோசெல்லாவை வளர்த்தது ஹைட்ரஜன் துளித்துளியாகத்தான் கிடைக்கிறது என்ற சூழலியல் அறிவால்தானே? மரபணுத்தொகுதி இல்லாமலும் ஜப்பானியர்கள் அதைச் செய்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மரபணுத்தொகுதியைப் படித்து, அதில் எழுதியிருந்ததைக் கொண்டே ஊடகம் தயாரித்து வளர்த்த எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?

நோய்க்குறியியல் மேசை எழுதியது:

உண்டு. உங்கள் ஐயம் நியாயமானது. மெத்தனோசெல்லா விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி என்று நானும் நினைக்கிறேன். நான் மருத்துவ நுண்ணுயிரியல் பக்கத்தைச் சேர்ந்தவள் என்பதால் அங்கிருந்து சொல்கிறேன்.

விப்பிள் நோய் என்று ஒன்று உண்டு. சிறுகுடலைத் தாக்கும், அரிது, கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். 1907-இல் ஜார்ஜ் விப்பிள் விவரித்த அந்த நோய்க்குக் காரணமான பாக்டீரியா எது என்பது, 1992-இல் நோயாளிகளின் திசுவிலிருந்து ரைபோசோம் மரபணுவை நேரடியாகப் படித்த பிறகே தெளிவாயிற்று. 2000-இல் பிரான்சின் மார்செயில் அதை மனிதச் செல்களுக்குள் வைத்து வளர்த்தார்கள். செல்கள் இல்லாமல் வளர்க்க முடியவில்லை. 2003-இல் மரபணுத்தொகுதி வெளியானது. ஒன்பது லட்சத்துச் சொச்சம் எழுத்துகள்தான். அதில் பல அமினோ அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ளும் மரபணுக்கள் இல்லை. அந்த இல்லாமைப் பட்டியலையே மளிகைப் பட்டியலாகக் கொண்டு, விட்டுப்போன அமினோ அமிலங்களைச் சேர்த்து ஊடகம் தயாரித்தார்கள். அதே ஆண்டில் டிரோஃபெரிமா விப்லேய் என்ற அந்தப் பாக்டீரியா, மனிதச் செல்லின் துணையின்றி வளர்ந்தது.

மண், நீர் பக்கத்திலும் ஓர் அழகிய எடுத்துக்காட்டு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்துக்குள், பி.எச். 0.8 அளவுக்குக் கடுமையான அமிலநீரின் மேல் ஆடைபோல் படர்ந்திருக்கும் கூட்டத்திலிருந்து, 2004-இல் பான்ஃபீல்ட் குழுவினர் மரபணுத்தொகுதிகளை ஒட்டியெடுத்தார்கள். வகைகள் சிலவே இருந்ததால் அது கைகூடியது. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் மரபணுக்களைத் தேடியபோது, அங்கே மிகுந்திருந்த உயிரியிடம் அவை இல்லை. சிறுபான்மையாக இருந்த லெப்டோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியாவின் ஒரு கூட்டத்திடம் இருந்தன. உடனே நைட்ரஜன் உப்பே சேர்க்காத ஊடகத்தைத் தயாரித்தார்கள். அதில் மற்றவை பட்டினி கிடக்க அது மட்டும் வளர்ந்தது. 2005-இல் அதற்கு லெப்டோஸ்பைரில்லம் ஃபெரோடையசோட்ரோஃபம் என்று பெயரிட்டார்கள். நீங்கள் கேட்ட "மரபணுத்தொகுதியைப் படித்தே வளர்த்தது" என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது நம் ஊரோடு தொடர்புடையது. தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-இல் கண்டார். எலியின் பாதத்திலும், ஆர்மடில்லோ என்ற ஓட்டுக்கவச விலங்கின் உடலிலும் பெருக்குகிறார்களே தவிர, இன்றுவரை எந்த ஊடகத்திலும் அதை வளர்த்தவர் இல்லை. அதன் மரபணுத்தொகுதி 2001-இல் படிக்கப்பட்டது. படிக்கப்பட்ட குலத்தின் பெயர் டி.என்.; தமிழ்நாடு என்பதன் சுருக்கம் அது. இங்குள்ள ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, ஆர்மடில்லோவில் பெருக்கி, அந்த டி.என்.ஏ.வைப் படித்தார்கள். சுமார் 33 லட்சம் எழுத்துகள். அவற்றில் பாதிக்கும் குறைவான பகுதியே வேலை செய்யும் மரபணுக்கள், ஏறத்தாழ 1,600. அதன் உறவான காசநோய்க் கிருமிக்கு 4,000 அளவில் இருக்கின்றன. பழுதாகி, எழுத்துச் சிதைந்து, படிக்க மட்டும் முடிந்து பயன்படாமல் கிடப்பவை 1,100-க்கும் மேல். எது எது போய்விட்டது என்பது எழுத்துக்கு எழுத்து நம்மிடம் இருக்கிறது. இருந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஊடகம் அமையவில்லை. அந்த மரபணுத்தொகுதி வீண் என்று இதற்குப் பொருளல்ல. மருந்தை எதிர்க்கும் கிருமியை மரபணுவைப் பார்த்தே கண்டறிவதும், ஒரு குலம் உலகில் எந்த வழியாகப் பரவியது என்று தேடுவதும் அதனால்தான் இயன்றன. விப்பிள் கிருமியைப் போல் எல்லாம் எளிதாக முடிந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

களிமண் எழுதியது:

அம்மா, நீங்கள் கண்டுபிடித்த குறை சரியே. ஜப்பானியர்களின் உத்தி சூழலியல் அறிவிலிருந்து வந்தது. மரபணுத்தொகுதி அதற்கு ஒத்துச் சாட்சி சொன்னது. அவ்வளவு நெருக்கமாகப் படித்திருக்கிறீர்கள் என்பது மகிழ்ச்சி.

முதுகலைக்குக் கிடைக்கும் காலத்தில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். மண்ணை நேரே கொடுத்து மரபணுத்தொகுதி எடுப்பது உங்களுக்கு ஏற்றதல்ல. வகைகள் மிகுந்த மண்ணில் துண்டுகள் ஒட்டாமலே நின்றுவிடும். சீரம் குப்பிகளில், பியூட்டைல் ரப்பர் அடைப்பான் போட்டு, நைட்ரஜனும் கார்பன் டை ஆக்ஸைடும் நிரப்பி, புரோப்பியோனேட்டை மட்டும் உணவாக வைத்து மண்ணைச் சேருங்கள். ஊடகத்தில் ரெசசூரின் என்ற சாயத்தைச் சிறிது கலந்துகொள்ளுங்கள். ஆக்ஸிஜன் எஞ்சியிருந்தால் இளஞ்சிவப்பாகக் காட்டும், முற்றிலும் போனபிறகு நிறமற்றுவிடும். இளஞ்சிவப்பு மாறாத குப்பியில் மண்ணைச் சேர்ப்பது வீண்வேலை. மீத்தேன் ஏறுவதை வாயு நிறப்பகுப்புக் கருவியில் பாருங்கள். இரண்டு மூன்று முறை புதிய குப்பிக்கு மாற்றியபின், ஒவ்வொரு மாற்றத்திலும் எடுத்து வைத்த மாதிரிகளை வெற்றுக்குழாயோடு சேர்த்து வரிசைப்படுத்த அனுப்புங்கள். சுவடிக்கட்டு கேட்ட ஏற்ற இறக்கமும் அப்போது தானாகவே கிடைத்துவிடும்.

பொறுமையைப் பற்றி ஒரு சொல். நான் மேலே சொன்ன இமாச்சி, பின்னாளில் ஜப்பானை ஒட்டிய நன்காய் (Nankai) என்ற கடலடிப் பள்ளப் பகுதியில் 2,533 மீட்டர் ஆழத்துக் கடலடிச் சேற்றிலிருந்து, ஆஸ்கார்டு என்ற கூட்டத்தைச் சேர்ந்த ஓர் ஆர்க்கியாவை வளர்த்தார். நம்மைப் போன்ற உட்கருவுள்ள உயிர்களுக்கு மிக நெருங்கிய உறவு அது. அந்தக் கூட்டம் இருப்பதே முதலில் கடலடிச் சேற்றின் மரபணுத்தொகுதிகளிலிருந்துதான் தெரியவந்தது. சேற்றை எடுத்தது 2006-இல். முடிவு அச்சானது 2020-இல். ஒருமுறை இரட்டிக்க 14 முதல் 25 நாள், அதற்கு முன் ஒன்று இரண்டு மாதம் அசைவே இல்லை. உங்களுக்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்படாது. ஆனால் நாற்பதாம் நாள் மீத்தேன் தெரியவில்லை என்று குப்பியைக் கழுவிவிடாதீர்கள்.

வடவாற்றங்கரை எழுதியது:

வழிகாட்டியிடம் பேசிவிட்டேன், ஐயா; ஆறு குப்பிகளுக்கு இடம் தருவதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மறுபடியும் மண் எடுக்கப் போகிறேன். அப்பாவும் உடன் வருகிறார். காற்றுப்படாமல் எடுப்பது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

களிமண் எழுதியது:

பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சின் ஊசிமுனைப் பக்கத்தை வட்டமாக வெட்டிவிடுங்கள். உருளையின் வாயைச் சேற்றின் மேல் நிறுத்தி, உள்தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உருளையை மட்டும் கீழே அழுத்தினால், இடையில் காற்று புகாமல் மண் உள்ளே ஏறும். வெளியே எடுத்ததும் அடைப்பான் போட்டு மூடி, வயல் தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பிய பாட்டிலுக்குள் மூழ்கவைத்துக் கொண்டுபோங்கள். வேரோடு ஒட்டிய மண் வேண்டுமென்றால் ஒரு குத்துப் பயிரைச் சேற்றோடு பெயர்த்து, வேரை அலசாமல் அப்படியே ஒரு பையில் கட்டி எடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் உறையவிட வேண்டாம். அன்றைக்கே குப்பியில் சேர்த்துவிடுங்கள்.